எங்கள் வீடு எதுவென்று டீவி கேட்டது

எங்கள் லயத்துக்கு, தோட்டத்துக் கூலிக்காரர்களின் இந்த வரிசை வீடுகளுக்கு, படத்தைக் கொண்டுவந்தவன் நான். சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. மூங்கிலில் அலுமினியக் கம்பியைக் கட்டி, ரப்பர் மரத்தைவிட உயரமாக நிறுத்தி, மழை பெய்கிற மாதிரிக் கோடு விழுந்த படத்தை முதலில் இறக்கியவன் நான்தான். பிறகு டிஷ் வந்தது. கொடகவெல டவுனிலிருந்து அந்த முதல் டிஷ்ஷைக் குடை மாதிரித் தலையில் கவிழ்த்துக்கொண்டு மலை ஏறி வந்தேன்; வழியில் மழை, ஒரு சொட்டு என் மேல் விழவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதுவும் மழைக்காலத்தில் போனதில்லை, ஓடையைத் தாண்ட முடியாது. ஆனால் இந்த டிவிஷனில் என்னைக் கேட்காமல் எவரும் ஒரு வயரைத் தொட்டதில்லை. ரப்பர் பால் வெட்டுகிற கூலியாக இருந்தவன், இந்தக் கை வேலையால் பிழைத்து, லயத்தின் கடைசிக் காம்பராவை, அந்த ஒற்றை அறையை, இழுத்து நாலு அறை வீடாகக் கட்டினேன். வந்து பார்க்கிறவர்கள் தொரை பங்களா மாதிரி என்பார்கள். நான் மறுப்பதில்லை.

இடையில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. இரத்தினபுரியில் ஒருவர் விற்றார். உலகத்துச் சேனல் எல்லாம் வரும், மாதக் காசு கிடையாது என்றார். வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் சாயங்காலம் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. லைசன்ஸ் செல்லாது, ஆக்டிவேட் பண்ணு என்று எழுத்து நின்றது. விற்றவரைத் தேடிப் போனேன். கடை இருந்த இடத்தில் ஒருவர் தோடம்பழம் விற்றுக்கொண்டிருந்தார். இனி நேர்வழிதான் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன். கொடகவெலயில் போன் கடை வைத்திருக்கிற சிங்களப் பெண்ணிடம் போய், காசு கட்டிப் பார்க்கிற அந்த இன்டர்நெட் படச் சேவையில் என் போன் நம்பரிலேயே ஒரு கணக்குத் திறந்துகொண்டேன். எழுத்தையும் தமிழில் மாற்றிக் கொடுத்தாள். மின்னஞ்சல் இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு எதற்கு மின்னஞ்சல், எனக்கு யாரும் கடிதமே போட்டதில்லையே.

"மாமே, மேக எக கெதரகட்ட விதராய்," என்றாள். இது ஒரு வீட்டுக்கு மட்டும்தான் என்று அர்த்தம்.

"ஒரு வீடுதான் துவே, மகளே," என்றேன். நான் பொய் சொல்லவில்லை. எங்கள் லயம் ஒரே கூரை. இந்தக் கோடியில் ஒருவர் தும்மினால் அந்தக் கோடியில் ஒருவர் "நூறு" என்பார். டவர் பிடிக்கப் பலா மரத்து உச்சியில் ஏரியலைக் கட்டி, வைபை பெட்டியை என் வீட்டுச் சுவரில் மாட்டினேன். லயம் முழுக்க என் கணக்கிலேயே படம் ஓடியது. மெஷினும் அதை ஒரே வீடு என்றே நம்பியது.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்தது போல இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி வாசலில் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கதவு இடுக்கிலிருந்தும் நீல வெளிச்சம் கசியும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லயத்து நீளத்துக்கும் நடப்பேன். ஒரு வீட்டில் சண்டை, அடுத்த வீட்டில் கல்யாணம், அதற்கடுத்த வீட்டில் யாரோ அழுகிறார்கள். எல்லாம் என் பெட்டியிலிருந்து போகிறது. சாமி தெருவில் உலா வருகிற மாதிரி இருக்கும் எனக்கு.

எங்கள் ஒரே மகள் குவைத்தில் இருக்கிறாள். நடக்க முடியாத ஒரு வயசான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. வீட்டுக்காரம்மா போனை வாங்கி வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மட்டும்தான் கொடுப்பாள். ஆனால் கிழவியின் அறையில் டீவி இருந்தது. முதல் முறை லீவில் வந்தபோது நான் என் கணக்கை அவளுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலத் தொழுகை முடிந்து கிழவி சாய்ந்து படுத்ததும் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் தமிழ்ப் படம் பார்ப்பார்களாம். கிழவிக்குப் பாஷை தெரியாது, ஆனால் சண்டைக் காட்சி என்றால் தலையணையை அடிப்பாளாம். ஒரு அரபிக்காரம்மா என் கணக்கில் படம் பார்க்கிறாள் என்பதை நான் லயத்தில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அந்தக் கணக்கில் மகளுக்கென்று தனியாக ஒரு படம் போட்ட கட்டம் உண்டு. அதைத் திறந்தால் அவள் பாதியில் விட்ட படங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புக் கோடு. எவ்வளவு தூரம் பார்த்தாளோ அவ்வளவு தூரம் கோடு போயிருக்கும். இதை முதலில் கண்டுபிடித்தது நானில்லை, என் சம்சாரம். அவள் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. விடியும் முன் பால் வெட்டப் போக எழுந்ததும், அடுப்பைக் கூடப் பற்ற வைக்காமல், டீவியைப் போட்டு மகளின் கட்டத்தைத் திறப்பாள். நேற்றைக்குப் பாதியில் நின்ற கோடு இன்றைக்கு முக்கால் வரை வந்திருக்கும்.

"நேத்து உக்காந்திருக்கா," என்பாள். அவ்வளவுதான். பிறகு தலைப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு இருட்டுக்குள் போய்விடுவாள்.

சில நாள் கோடு நிற்கிற இடத்தில் ஒரு படம் உறைந்து தெரியும். ஒரு ரயில், ஒரு மழைத்தெரு, யாரோ கதவைத் திறக்கப் போகிற கை. அவள் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மகள் கடைசியாகக் கண்ணால் பார்த்தது அது. தாயும் மகளும் கடலுக்கு இரண்டு கரையில் நின்று ஒரே கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும். அரைத் தூக்கத்தில் கிடக்கும் எனக்கு அதுவும் கனவோடு கலந்துவிடும். அவள் ஒருநாளும் அந்தக் கட்டத்தில் படத்தை ஓட விட்டதில்லை. ஓட விட்டால் கோடு நகர்ந்துவிடும், அப்புறம் எது மகளுடையது, எது தன்னுடையது என்று தெரியாது.

இப்படி இருக்கையில் பக்கத்துக் காம்பராக்காரர் போய்ச் சேர்ந்தார். என் வயசுதான். நெஞ்சு வலி என்றார், லொறியில் ஏற்றும்போதே முடிந்துவிட்டது.

எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் கருமாதி முடியும் வரை எந்த வீட்டிலும் டீவி ஓடாது, பாட்டுக் கேட்காது. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார வீடுகளும் அப்படித்தான், அவர்களும் அந்த நாளை எங்களோடு எண்ணுவார்கள். யாரும் சொல்லி வைத்த சட்டமில்லை. லயம் முழுக்க இருட்டிப் போனது. என் நடையும் நின்றது. சம்சாரம் விடியலில் எழுந்து டீவியின் முன்னால் வந்து நிற்பாள். கறுப்புத் திரையில் அவள் முகம்தான் தெரியும். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவாள். வெள்ளிக்கிழமை மகள் பேசினாள், நன்றாகத்தான் இருந்தாள்.

அந்த நாட்கள் முழுக்க என் கணக்கில் ஓடியது குவைத்து டீவி ஒன்றுதான். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது. மெஷினுக்குச் சாவு தெரியாது, கருமாதி தெரியாது. வீடு அங்கே மாறிப்போச்சு என்று அது நினைத்துக்கொண்டது.

கருமாதி முடிந்த சாயங்காலம் எல்லா வீட்டிலும் டீவியைப் போட்டார்கள். எல்லாத் திரையிலும் ஒரே எழுத்து. என் வாசலில் கூட்டம். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்: இந்த டீவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததா?

"என்னண்ணே கேக்குது?" என்றாள் தாலி இறங்கிய பக்கத்து வீட்டுத் தங்கச்சி, வாசற்படியில் நின்றபடியே.

"இது யாரு வீடுன்னு கேக்குது. இந்த லயத்துக்கே படம் காட்டினவன்கிட்ட கேக்குது பாரு கேள்வி!"

ஆம் என்பதை அமுத்தினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் அமுத்துவான். போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைப் போடு என்றது. எங்கள் லயத்தில் போன் டவர் எடுக்காது. மேலே ரோட்டு வளைவில் மெசேஜ் மட்டும் வரும், பேசினால் வார்த்தை அறுந்து அறுந்து விழும். ஓடிப் போய் எடுத்து வந்து போட்டேன். படம் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் என்னவோ பெரிய வேலை செய்தவன் மாதிரித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் சம்சாரம் கட்டத்தைத் திறந்தாள். கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போனாள். அடுத்த நாளும் அங்கேயே. ஒரு பெண் குளக்கரையில் குனிந்திருக்கிற படம். அவள் நிமிரவே இல்லை.

"ஏங்க, புள்ளைக்கு மேலுக்கு முடியலையோ?"

"கிழவிக்கு முடியாம இருக்கும்."

"அப்ப கிழவி செத்துட்டா அவள எங்க அனுப்புவாங்க?"

பால் வெட்டப் போனவள் அன்றைக்கு ஒரு வரிசை மரத்தை வெட்டாமலே வந்துவிட்டாள் என்று கங்காணி சத்தம் போட்டார். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு மரத்தைத் தாண்டி வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வைபையில் போன் அடித்தது. சம்சாரம் எடுத்ததும் பெரிதாக மூச்சு விட்டாள்.

"அம்மா? நல்லாத்தான் இருக்கேன். ஏன் இப்பிடி?"

"நீ படம் பாக்கலையே சாமி."

"டீவி விட மாட்டேங்குதும்மா. நான் உங்க வீட்டு ஆளு இல்லையாம்." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நான் சும்மா உக்காந்திருக்கேன்னு மேடம் அந்த நேரத்துக்கும் துணி தேய்க்கக் குடுத்துட்டாங்க. கெழவி ரிமோட்ட என் மேல எறியுது."

நான் அன்றைக்கே கொடகவெலக்குப் பஸ் ஏறினேன். போன் கடைப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"மாமே, ஒயாகே கெதர கோகத?" உங்கள் வீடு எது?

அவள் விவரம் கேட்கத்தான் கேட்டாள். ஆனால் எனக்கு அந்தச் சின்னக் கடையில், போன் உறைகள் பல நிறத்தில் தொங்குகிற சுவருக்கு முன்னால், ஒரு நிமிஷம் நிஜமாகவே தெரியாமல் போய்விட்டது. பக்கத்து வீட்டுத் தங்கச்சி என் வீட்டு ஆள், அவள் மாமியார் என் வீட்டு ஆள், மேல் கோடியில் எனக்கு முகம் கொடுத்துப் பேசாத மச்சான்கூட என் வீட்டு ஆள். நான் பெற்ற பிள்ளை ஒன்றுதான் வெளியாள். மெஷின் அப்படி எழுதி வைத்திருக்கிறது.

ஒரு இடத்தைத்தான் வீடாக வைக்க முடியும், நீங்கள் ஆம் என்று அமுத்தியதும் அது இங்கே வந்துவிட்டது என்றாள். மற்ற இடத்தில் பார்க்க வேண்டுமானால், பயணத்தில் இருக்கிறேன் என்று சொல்லி அவ்வப்போது ஒரு நம்பர் வாங்கிப் போடலாம். அது ஒரு டீவிக்குச் சரி, ஒரு லயத்துக்கு நடக்காது. வெள்ளிக்கிழமை மட்டும் போன் கிடைக்கிற மகளுக்கும் நடக்காது. மகளுக்குப் புதிதாக ஒரு கணக்குத் திறந்து கொடுங்கள், அதுதான் சுலபம் என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. காசைப் பற்றி நான் என்றைக்குக் கவலைப்பட்டேன்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். சம்சாரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"புதுசு வாங்கினா அவ கோடு நம்ம டீவியில வருமா?"

"வராது. அது அவ கணக்கு."

"அப்ப வேணாம்."

"அடி, அவ படம் பாக்கணும்னுதானே அழுத?"

"அவ படம் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? அவ உக்காந்தாளான்னு எனக்குத் தெரியணும்." கல்லை வாசலில் வீசினாள். "அவ இருக்கிற எடத்தையே வீடுன்னு வச்சிருங்க. லயத்து ஆளுங்க பக்கத்துல இருக்காங்க, சத்தம் போட்டா வந்துருவாங்க. அவளக் கூப்பிட முடியுமா?"

எனக்கு மனசு வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். அந்த நீல வெளிச்சமெல்லாம் அணைந்துபோனால் நான் சாயங்காலத்தில் எதைப் பார்த்துக்கொண்டு நடப்பேன்? பேச்சு சுவருக்கு அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். லயத்துச் சுவர் அப்படித்தான். பக்கத்து வீட்டுத் தங்கச்சி எழுந்து வந்து வாசலில் நின்றாள்.

"ஏண்ணே, எங்க வீட்டுச் சாவுக்குத்தானே எல்லாரும் டீவிய அமத்துனீங்க?"

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"அவரு சாவு உங்க புள்ளையோட ஒரு மணி நேரத்தத் தின்னுட்டுப் போச்சுன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. அங்கயே வைங்க வீட்ட. எனக்கு இப்ப படம் பாத்து என்ன ஆகப் போகுது." பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "மத்தவங்க மொறைச்சா என்கிட்ட அனுப்புங்க. தொரை கணக்கா நடந்து நடந்து பாத்தது போதும், உக்காருங்க ஒரு எடத்துல," என்றாள். என் சம்சாரம் சிரிப்பை அடக்க முடியாமல் சுளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதைச் செய்தோம். மகள் அங்கே டீவியில் அமுத்தினால் நம்பர் என் போனுக்கு வரும். என் போனுக்கு ரோட்டு வளைவில்தான் வரும். அவளோ என் வீட்டு வைபையில்தான் பேச முடியும். நம்பருக்கு ஆயுசு கொஞ்ச நேரம்தான். ஓடி இறங்குவதற்குள் செத்துப்போகும். ஒரு தரம் ஓடிப் பார்த்து எனக்கு நெஞ்சு அடைத்ததுதான் மிச்சம். அப்போதுதான் லயத்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். பால் வெட்டி முடித்து வந்திருந்த நேரம். மலையில் ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குச் சத்தம் கொடுத்தே வேலை பார்த்தவர்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. ஒருவர் கோயில் படியில் நின்றார். முகம் கொடுத்துப் பேசாத மச்சான் பாதி இறக்கத்தில், ரப்பர் மரத்தில் சாய்ந்து நின்றார். தங்கச்சி, மலையிலிருந்து குழாயில் விழுகிற பீலித் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றாள். என் வாசலில் அவள் மாமியார். உள்ளே என் சம்சாரம், காதில் இரவல் போன்.

நான் வளைவில் நின்றேன். தூறலும் இல்லாத வெயிலும் இல்லாத ஒரு வெளிச்சம். ரப்பர் இலை உதிர்கிற காலம். சிவந்த இலை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நம்பர் வந்தது. நான் முதல் எண்ணைக் கத்தினேன். கோயில் படி அதை வாங்கிக் கீழே கொடுத்தது. மரத்தடி வாங்கிக் கொடுத்தது. பீலி வாங்கியது. என் சத்தம் வேறு வேறு குரலாக மாறி மாறி மலையில் இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நடுவில் வந்து அத்தனையையும் கெடுத்தது. "அட நாசமாப் போறவனே!" என்று பீலியிலிருந்து கேட்டது. மகளை மறுபடி அமுத்தச் சொன்னார்கள். மறுபடி வந்தது. இந்தத் தரம் எண்களை ஒவ்வொன்றாக, தவறாமல், தங்களுக்கு டீவியை நிறுத்தப் போகிற அந்த எண்களை, என் லயத்து ஆட்களே கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

பிறகு கீழே இருந்து குரல் ஏறி வந்தது, வாசல், பீலி, மரம், படி.

"வந்துருச்சாம்! கெழவி தலகாணிய அடிக்குதாம்!"

அன்றைக்குச் சாயங்காலம் லயம் இருட்டாக இருந்தது. மேல் கோடியில் மூன்று வீட்டுக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து சொந்தமாக ஒரு கணக்கு எடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. எப்படி எடுப்பது என்று என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நல்லதாகவே காட்டிக் கொடுத்திருப்பேன். சரி, போகட்டும். மற்றவர்கள் வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வருகிறார்கள். நாலு அறை வீடு, எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்காரலாம். தங்கச்சி வருவாள், படம் பார்க்க மாட்டாள், சுவரில் சாய்ந்து தூங்குவாள்.

இப்போது என் டீவி அடிக்கடி என்னைக் கேட்கிறது: நீங்கள் பயணத்தில் இருக்கிறீர்களா? ஆம் என்று அமுத்துகிறேன். வளைவுக்குப் போய் நம்பரை எடுத்து வருகிறேன். பிறந்ததிலிருந்து இந்த மலையை விட்டு இரத்தினபுரிக்கு அப்பால் நான் அதிகம் போனதில்லை. ஆனால் எங்கோ ஒரு கணக்கில், நானும் என் சம்சாரமும் குவைத்தில் ஒரு கிழவியின் அறையில் மகளோடு குடியிருக்கிறோம், சும்மா இங்கே வந்து தங்கியிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறது. சில நேரம் என் வீட்டுக்குள்ளேயே நான் மெதுவாக நடக்கிறேன், விருந்தாளி மாதிரி.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் விடியலில் சம்சாரம் டீவியைப் போட்ட சத்தத்தில் விழித்தேன். எழுந்து போய் அவள் பின்னால் நின்றேன். குளக்கரைப் பெண் நிமிர்ந்துவிட்டிருந்தாள். இப்போது ஏதோ ஒரு சந்தையில், கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அடியில் சிவப்புக் கோடு விரல் அகலம் நகர்ந்திருந்தது.

"கொஞ்சந்தான் பாத்திருக்கா," என்றேன்.

"அசதி. தூங்கிருப்பா," என்றாள். குரலில் அப்படி ஒரு திருப்தி. தலைப்பை முடிந்துகொண்டு வாளியை எடுத்தாள். வாசலில் போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "சத்தம் போடாம அத அமத்துங்க," என்றாள்.

டீவியில் சத்தமே இல்லை. ஆனாலும் நான் மெதுவாகத்தான் அமுத்தினேன்.